குதிரைத்திறன் கடைசியில் வரட்டும்: வட சிலாங்கூர்ச் சிறுநிலங்களும் சிறு டிராக்டரும்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரங்களில் இரண்டு ஏக்கர் முதல் பத்து ஏக்கர் வரை செம்பனை வைத்திருக்கும் குடும்பங்களில் சிறு டிராக்டர் பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. காரணங்கள் வெளிப்படை. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களே பெரும்பாலும் நிலத்தைக் கவனிக்கிறார்கள். பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் வேலையில் இருக்கிறார்கள். புல் வெட்டவும் குலை சுமக்கவும் ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் தடை செய்யப்பட்டபின், மருந்தடித்தே புல்லைச் சமாளித்த பழக்கமும் ஆட்டம் கண்டுவிட்டது. ஆகவே இயந்திரம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. எந்த இயந்திரம் என்று வரும்போது கேள்விகள் ஒரே வரிசையில் வருகின்றன: எத்தனை குதிரைத்திறன், எந்தக் கம்பெனி, என்ன விலை. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த வட்டாரத்தில் எவ்வளவு எடையை மண் தாங்கும், எவ்வளவு அகலத்தை வழி அனுமதிக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, பின்னால் மாட்டப்போகும் கருவி எது, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் குதிரைத்திறன் தானாகவே வந்து நிற்கும்.

நிலம் என்ன சொல்கிறது

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் உருவானது. 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே, அன்று பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நூறாண்டுக்கு மேலாக இங்கே செம்பனை நிற்கிறது என்பதால் இந்த மண்ணைப் பற்றிய அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. அந்த அனுபவம் வட சிலாங்கூரை மூன்று வகை நிலமாகப் பிரித்துக் காட்டுகிறது. ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர் வழியாகச் சபாக் பெர்ணம் வரை கடலோரத்தை ஒட்டிக் கிடப்பது கடல் படிவுக் களிமண். வளமானது, தட்டையானது, நிலத்தடி நீர் மேலேயே நிற்பது. அதற்கு உள்ளே ராஜா மூசா காட்டை ஒட்டிய பகுதிகளில் கரிமண், அதாவது மட்கிய தாவரங்களால் ஆன சதுப்பு. அதற்கும் கிழக்கே உலு சிலாங்கூரில், பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங் பக்கம், ஏற்ற இறக்கமான செம்மண். இம்மூன்றும் போக, பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத்தில் பழைய ஈய லம்பங்களின் மணல் நிலமும் உண்டு. ஒரே வட்டாரத்துக்குள் இத்தனை வகை மண் இருக்கும்போது, அண்டை வீட்டுக்காரருக்குப் பொருந்திய டிராக்டர் நமக்கும் பொருந்தும் என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை.

செம்பனையை ஒன்பது மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 143 மரம் வரும். நிரைக்கும் நிரைக்கும் இடையே சுமார் 7.8 மீட்டர் இருக்கும். தாளில் இது லாரி போகும் அகலம். நிலத்தில் அப்படியில்லை. ஒன்றுவிட்டு ஒரு நிரையிடை வெட்டிய மட்டைகளை அடுக்கும் இடமாகிவிடுகிறது. எஞ்சியதில் இருபுறமும் மரத்தைச் சுற்றிய வட்டம் போக, நடுவில் இருப்பதுதான் வழி. மரம் இளமையாக இருக்கும்போது தாழ்ந்த மட்டைகள் அந்த வழியையும் மூடிவிடும். கடலோரக் களிமண்ணில் இன்னொரு தடையும் உண்டு: சில நிரைகளுக்கு ஒன்றாக வெட்டப்பட்ட வயல் வாய்க்கால்கள், அவை போய்ச் சேரும் பெரிய வாய்க்கால்கள். ஒரு சிறு நிலத்தில் டிராக்டர் நுழையுமா என்பதை முடிவு செய்வது நிரையின் அகலமன்று. அந்த வாய்க்காலைக் கடக்கும் இடம். இரண்டு செம்பனைத் தண்டுகளைப் போட்டு உண்டாக்கிய பாலம் மனிதனையும் தள்ளுவண்டியையும் தாங்கும், முக்கால் டன் இயந்திரத்தைத் தாங்காது.

மழையின் கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில், அதாவது ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும், மழை மிகும். செம்பனையின் அறுவடை உச்சமோ பொதுவாகச் செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. குலை அதிகமாக வெளியே வரவேண்டிய காலமும் மண் இளகிக் கிடக்கும் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று பொருள். பிப்ரவரி வெயிலில் காய்ந்த நிலத்தில் ஓட்டிப் பார்த்து வாங்கிய டிராக்டர் அக்டோபரில் சேற்றில் அமர்ந்துவிடுவதற்குக் காரணம் இயந்திரக் கோளாறு அன்று. வேலை மிகுந்த மாதத்தின் மண்ணை வைத்துத்தான் எடையைத் தீர்மானிக்க வேண்டும். எடையை முதலில் வைக்கச் சொல்லும் வாதத்தின் அடித்தளம் இதுவே.

பெருந்தோட்டங்கள் கற்ற பாடம்

பெருந்தோட்டங்களின் வரலாறும் இதையே உறுதி செய்கிறது. நீண்ட காலம் தோட்டங்களில் டிராக்டர் சாலையோடு நின்றது. குலையை மரத்தடியிலிருந்து சாலை வரை கொண்டுவந்தவை மனிதத் தோள், கூடை, தள்ளுவண்டி, மாட்டுவண்டி, எருமை வண்டி. அறுபது, எழுபது குதிரைத்திறன் டிராக்டர்கள் சாலையோரத்தில் குவிந்த குலைகளை ஆலைக்கு இழுத்துச் சென்றன. தோட்டத்திடம் பணமும் இருந்தது, பெரிய டிராக்டரும் இருந்தது. ஆயினும் அது நிரைக்குள் போகவில்லை. பின்னர் நிரைக்குள் நுழைந்தவை சிறு டிராக்டர்களும் மூன்று சக்கர வண்டிகளும்தாம். அவற்றில் ஒரு வகைக்கு 'இயந்திர எருமை' என்றே பெயர். மலேசிய செம்பனை வாரியமும் அதற்கு முன்னிருந்த ஆய்வு நிறுவனமும் இவற்றை உருவாக்குவதிலும் சோதிப்பதிலும் பல ஆண்டு உழைத்தன. சக்தியைக் கூட்டி அவர்கள் வெற்றி காணவில்லை. எடையைக் குறைத்து, சக்கரத்தை அகலமாக்கி, கூடவே நிலத்தையும் திருத்தியதால் வெற்றி கண்டார்கள்.

நிலத்தைத் திருத்தியது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறுநிலக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான். இயந்திரமயமான தோட்டத்தில் மட்டை அடுக்கும் முறை மாறியது. வழியின் குறுக்கே மட்டை கிடக்கக் கூடாது என்பது கட்டாயமாயிற்று. வாய்க்கால்களின் மேல் குழாய் வைத்து மண் நிரப்பிய கடவுகள் அமைந்தன. நிரையின் முடிவில் வண்டி திரும்ப இடம் விடப்பட்டது. பழைய அடிமரக் குழிகள் மூடப்பட்டன. இவை எதுவும் டிராக்டர் விலைப்பட்டியலில் வராது. மூன்று ஏக்கர் நிலத்தில் இரண்டு கடவுகளை ஒழுங்காகப் போட்டு, ஒரே வழியை மேடாக்கி, மட்டையை ஒரு பக்கமாக ஒதுக்கினாலே, டிராக்டர் வாங்காவிட்டாலும் தள்ளுவண்டி வேலை வெகுவாகக் குறையும். டிராக்டர் வாங்கினால், குதிரைத்திறன் குறைந்த இயந்திரமே போதுமானதாகும். நிலத்துக்குச் செலவிடும் பணம் இயந்திரத்தில் மிச்சமாகிறது.

"கூடுதல் சக்தி வீணா?"

இங்கே முதல் எதிர்வாதம் எழும். சக்தி கூடுதலாக இருந்தால் என்ன நட்டம், தேவைப்படாதபோது மெதுவாக ஓட்டிக்கொள்ளலாமே என்பார்கள். சாலையில் ஓடும் காருக்கு இது பொருந்தும். டிராக்டரில் குதிரைத்திறன் தனியாக வருவதில்லை, எடையோடும் அகலத்தோடும் சேர்ந்தே வருகிறது. இருபது, இருபத்து நான்கு குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர்கள், எடுத்துக்காட்டாகக் குபோத்தாவின் பி வரிசை, ஏறத்தாழ அறுநூறு முதல் எண்ணூறு கிலோவுக்குள் அடங்கும். அடுத்த படியான எல் வரிசை ஒரு டன்னைத் தாண்டிவிடும். களிமண் ஈரமாக இருக்கும்போது அந்தக் கூடுதல் எடை மண்ணை இறுக்குகிறது. செம்பனையின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரந்திருப்பதால், சக்கரத் தடத்தில் இறுகிய மண்ணால் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டும். கரிமண்ணில் சேதம் இதைவிட நேரடியானது: இயந்திரம் இறங்கிவிடும். இறங்கிய பின் சக்தி உதவாது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு ஆழமாகப் புதையும்.

இருபது, இருபத்தைந்து குதிரைத்திறன் என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பதும் சரியில்லை. அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த டிஇ20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் சக்தி இருபதுகளில்தான்; எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். உழவு முதல் இழுவை வரை ஒரு குடும்பப் பண்ணையின் வேலை முழுவதையும் அது செய்தது. அந்தத் திறமை எஞ்சினிலிருந்து மட்டும் வரவில்லை. கருவியை மூன்று புள்ளிகளில் பிடித்து, அதன் பளுவைப் பின் சக்கரத்தின் மேல் ஏற்றிப் பிடிமானமாக மாற்றிய மும்முனை இணைப்பு அதற்குக் காரணம். இன்று விற்கும் ஏறக்குறைய எல்லாச் சிறு டிராக்டரிலும் அதே இணைப்பு இருக்கிறது. மகாராஷ்டிரத் திராட்சைத் தோட்டங்களில் பதினைந்து, பதினெட்டு குதிரைத்திறன் இயந்திரங்கள் இடம் பிடித்ததற்கும் அகலமே காரணம். பெரிய டிராக்டர் வாங்கத் தெம்புள்ளவர்களும் அங்கே குறுகிய இயந்திரத்தையே தேர்ந்தார்கள், நிரை அதைத்தான் அனுமதித்தது.

கருவி முதலில், எஞ்சின் பிறகு

வேலையைக் கருவியாக மொழிபெயர்த்துப் பார்த்தால் தேவை மேலும் தெளியும். செம்பனைச் சிறுநிலத்தில் டிராக்டருக்கு உண்மையில் இரண்டு வேலைதான் உண்டு: வழியில் புல் வெட்டுவது, குலையை வெளியே இழுப்பது. உரம் கொண்டுபோவது, மட்டை ஒதுக்குவது, வீட்டு முற்றத்து மண்ணைச் சமன் செய்வது போன்றவை இவற்றோடு ஒட்டி வருபவை. புல்லுக்குப் பின்னால் மாட்டும் ஸ்லாஷர் போதும். வெட்டும் அகலத்தில் அடிக்கு ஐந்து குதிரைத்திறன், எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கடத்தும் பிடிஓ தண்டில் கிடைக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. நான்கடி ஸ்லாஷருக்கு இருபது. விளம்பரத்தில் போடுவது எஞ்சினின் சக்தி. பிடிஓவுக்கு வருவது அதைவிடச் சில குதிரைத்திறன் குறைவு. எனவே இருபத்து நான்கு குதிரைத்திறன் எஞ்சின் நான்கடி ஸ்லாஷரைச் சிரமமின்றிச் சுழற்றும். ஐந்தடி வாங்கினால் லாலாங் புல் அடர்ந்த இடத்தில் எஞ்சின் திணறும். வழியிலும் அது அகலம் அதிகம். வேண்டிய சக்தி இப்படிக் கருவியிலிருந்து பின்னோக்கி வருகிறது.

முழு நிலத்தையும் மொட்டையடிக்க வேண்டிய தேவையும் இல்லை. மென்மையான பெரணியும் தரையை மூடும் செடிகளும் மண்ணரிப்பைத் தடுத்து ஈரத்தைக் காப்பவை என்பதால், வழியையும் மரவட்டத்தையும் மட்டும் சுத்தமாக வைத்து மற்றதை விட்டுவிடுவதே நல்ல செம்பனை வேளாண்மை. மரவட்டத்தை டிராக்டரால் வெட்டப் போனால் அடிமரத்தில் இடிக்கும்; அங்கே தோளில் மாட்டும் புல்வெட்டிதான் சரி. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை வளர்ந்த செம்பனைக்கு அடியில் ஓட்டுவது வேரை அறுப்பது; மரவள்ளி, காய்கறி போடும் திறந்த நிலம் இருந்தால் மட்டுமே அது வேண்டும். முன்னால் மாட்டும் வாளியைப் பலர் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அது பளுவையெல்லாம் முன் அச்சின் மேல் ஏற்றி, இளகிய மண்ணில் முன் சக்கரத்தைப் புதைக்கிறது. குலையைக் கவ்வித் தூக்கும் கைக்கும் இதே குறை உண்டு, அத்துடன் அதற்கு வலுவான ஹைட்ராலிக் அமைப்பும் தேவை. நூற்றுக்கணக்கான ஏக்கரில் அது கூலியை மிச்சப்படுத்தலாம், மூன்று ஏக்கரில் அதற்கு வேலையே இராது.

எத்தனை மணி நேரம் ஓடும்

மூன்று ஏக்கரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அது 1.2 ஹெக்டேர். ஹெக்டேருக்கு ஆண்டுக்குப் பதினாறு, பதினேழு டன் குலை என்று வைத்தால் மொத்தம் இருபது டன். பதினான்கு நாளுக்கு ஓர் அறுவடை என்றால் ஆண்டுக்கு 26 சுற்று. ஒரு சுற்றுக்கு எண்ணூறு கிலோவுக்கும் குறைவு. எழுநூறு கிலோ டிராக்டருக்குப் பின்னால் பிரேக் இல்லாத இழுவண்டியில் அதை ஒரே நடையாக ஏற்றுவதைவிட இரண்டு நடையாகப் பிரிப்பது நல்லது. ஒன்றரை மணி நேரத்தில் முடியும். ஆண்டுக்கு நாற்பது மணி நேரம். புல்லைப் பொறுத்தவரை, பாதி நிலத்தை மட்டும் வெட்டினால், நான்கடி ஸ்லாஷர் மணிக்குக் கால் ஹெக்டேர் முடிக்கும் வேகத்தில், ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். ஆறு சுற்றுக்குப் பதினைந்து. மற்ற வேலைகளுக்கு இன்னொரு பதினைந்து. ஆக ஆண்டுக்கு எழுபது மணி நேரம். கணக்குக்காக டிராக்டரும் கருவிகளும் நாற்பதாயிரம் ரிங்கிட் என்றும், பத்தாண்டு கழித்துப் பத்தாயிரத்துக்கு விற்கலாம் என்றும் கொண்டால், தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு மூவாயிரம். அதாவது மணிக்கு 43 ரிங்கிட். டீசலும் பழுதும் தனி. அதே இயந்திரம் பத்து ஏக்கரில் இருநூறு மணி நேரம் ஓடினால் மணிக்குப் பதினைந்து ரிங்கிட்டாக இறங்குகிறது.

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15-இலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, சிறு டிராக்டர் இனிக் கட்டுப்படியாகாது என்று சிலர் சொன்னார்கள். மணிக்கு மூன்று லிட்டர் என்றாலும் அந்த விலையில் பத்து ரிங்கிட்தான். தகுதியுள்ள சிறுநிலக்காரர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவியையும் அரசு அப்போது அறிவித்தது. எழுபது மணி நேரக் கணக்கில் அந்த உயர்வு ஆண்டுக்குச் சுமார் 250 ரிங்கிட் வருகிறது. ஓடாமல் நிற்கும் இயந்திரத்தின் தேய்மானம் மூவாயிரம். சிறுநிலக்காரரை நட்டப்படுத்துவது டீசல் விலையைவிடக் கொட்டகையில் சும்மா நிற்கும் நேரமே. ஆகவே ஐந்து ஏக்கருக்குக் குறைந்தவர் தனியாக டிராக்டர் வாங்குவதைக் கணக்கு ஆதரிக்கவில்லை. அவருக்கு வாடகையோ கூட்டோதான் வழி.

கூட்டுப் பயன்பாடு நடைமுறைக்கு ஒத்துவராது, எல்லாருக்கும் ஒரே நாளில் தேவைப்படும் என்பது இரண்டாவது எதிர்வாதம். நெல்லுக்கு அது ஓரளவு உண்மை, நீர் திறக்கும் நாளை ஒட்டி எல்லா வயலும் ஒன்றாக உழவுக்கு வரும். அப்படியிருந்தும் தஞ்சோங் காராங், சிகிஞ்சான் நெல்வயல்களில் அறுவடை இயந்திரம் பெரும்பாலும் வாடகைக்குத்தான் வருகிறது. செம்பனையில் அந்த நெருக்கடியே இல்லை. அறுவடைச் சுற்றைப் பதினான்கு நாளில் எந்த நாளுக்கும் வகுத்துக்கொள்ளலாம்; நான்கு குடும்பங்கள் நான்கு வெவ்வேறு நாள்களை எடுத்துக்கொண்டால் ஓர் இயந்திரம் போதும். ஜெர்மனியின் பவேரியாவில் 1958-இல் தொடங்கிய, விவசாயிகள் தமக்குள் இயந்திரத்தைப் பகிரும் இயந்திர வளையங்கள் இந்த அடிப்படையில்தான் பரவின. தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை மணிக்கணக்கில் டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. இங்கேயும் வட்டார விவசாயிகள் கழகங்களும், செம்பனை வாரியத்தின் ஆதரவில் இயங்கும் சிறுநிலக்காரர் கூட்டுறவுகளும் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டப் பாட்டாளிகளின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். தோட்டம் வாங்கக் கூடிய சமூகத்தால் டிராக்டர் வாங்கக் கூட முடியாது என்று சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாதது. யார் ஓட்டுவது, பழுதுக்கு யார் பொறுப்பு, மணிக்கு எவ்வளவு என்பதை எழுதி வைக்காமல் தொடங்கினால் மட்டும் அது நிச்சயம் உடையும்.

புதிதா, ஜப்பானியப் பழையதா

வாங்குவதென்று முடிவாகிவிட்டால் அடுத்த வாக்குவாதம் பழைய இயந்திரம் பற்றியது. ஜப்பானிலிருந்து இறக்கிப் புதுப்பித்த குபோத்தா, யன்மார், இசெக்கி டிராக்டர்கள் புதியதைவிட வெகு மலிவு. ஜப்பானியச் சிறு வயலுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் குறுகலாகவும் இலேசாகவும் இருக்கின்றன. நான்கு சக்கர இழுவையும் பலவற்றில் உண்டு. எடையும் அகலமும் முதலில் என்ற இக்கட்டுரையின் அளவுகோலில் அவை நன்றாகவே தேறும். ஆனால் மூன்று குறைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். எழுபது, எண்பதுகளின் மாதிரிகள் பலவற்றில் கவிழ்வுக் காப்புச் சட்டம், அதாவது கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம், இல்லை. பல மாதிரிகள் ஜப்பானுக்கு வெளியே விற்கப்படாதவை என்பதால் உதிரிப் பாகத்துக்கும் கையேட்டுக்கும் அலைய வேண்டும். பிடிஓவில் பல வேகங்கள் இருப்பதால், ஸ்லாஷருக்கு உரிய நிமிடத்துக்கு 540 சுற்று எந்தக் கியரில் வருகிறது என்று தெரியாமல் ஓட்டினால் கருவி நொறுங்கும். மாட்டியிருக்கும் உயர்ந்த பல் கொண்ட வயல் டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். தார்ச்சாலையில் விரைவில் தேயும், வீட்டு முற்றத்துப் புல்லையும் கிழிக்கும். இந்தக் குறைகளைச் சரிசெய்யும் செலவையும் விலையோடு கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் பழையது நல்ல தேர்வுதான். கம்பெனிப் பெயரைவிட, ஒரு மணி நேரத் தொலைவுக்குள் பாகமும் பழுது பார்க்கும் ஆளும் கிடைக்குமா என்பது முக்கியம். தமிழ்நாட்டின் டாஃபே ஆனாலும் ஜப்பானின் குபோத்தா ஆனாலும் இதே அளவுகோல்தான்.

பூட்டிச் சீர்செய்வது

வாங்கியபின் செய்யும் சீரமைப்பில் முதலிடம் கவிழ்வுக் காப்புச் சட்டத்துக்கும் இருக்கைப் பட்டைக்கும். நிலம் தட்டையாக இருக்கையில் டிராக்டர் எப்படிக் கவிழும் என்று கேட்பவர்கள் வாய்க்காலை மறந்துவிடுகிறார்கள். ஈரக் களிமண் கரையில் ஒரு சக்கரம் ஏறினால் கரை சரியும், குறுகிய டிராக்டர் அகலமானதைவிட எளிதில் சாயும். இரண்டாவது வகை பின்பக்கக் கவிழ்வு. புதைந்த வண்டியை வெளியேற்றச் சக்கரத்தில் கட்டை கட்டி ஓட்டினாலும், அடிமரத்தை அச்சுக்கு மேலே சங்கிலி போட்டு இழுத்தாலும், டிராக்டர் தன் பின் அச்சைச் சுற்றியே எழும்பி ஓட்டுநர்மேல் விழும்; குதித்துத் தப்ப நேரம் கிடைக்காது. சுவீடன் 1959 முதல் புதிய டிராக்டர்களில் காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. கவிழ்வு மரணங்கள் பின்னர் அங்கே பெருமளவு குறைந்தன. இளம் செம்பனையில் மட்டை தடுக்கும் என்றால் மடக்கும் வகைச் சட்டத்தை வாங்கலாம். வாய்க்கால் ஓரத்தில் அதை நிமிர்த்தியே ஓட்ட வேண்டும். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது பட்டை போட வேண்டும், மடக்கியிருக்கும்போது போடக் கூடாது.

அடுத்தது எடைப் பங்கீடு. பின்னால் ஸ்லாஷர் தொங்கும்போது முன் சக்கரம் இலேசாகி, திருப்பினால் திரும்பாமல் வழுக்கும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். அதற்கு முன்பக்க எடைக்கட்டிகள் உண்டு. இங்கேயும் அளவு மீறினால் எடையைக் குறைத்து வாங்கியதன் பயன் போய்விடும். டயர் காற்றைக் கையேட்டின் கீழ் எல்லையில் வைத்தால் தடம் அகன்று அழுத்தம் குறையும். மட்டைக் காம்பின் முள் துளைக்காதபடி கூடுதல் அடுக்குள்ள டயர் வேண்டும். பிடிஓ தண்டைக் கருவிக்கு ஏற்ற நீளத்தில் வெட்டி, மேலுறையைக் கழற்றாமல் பயன்படுத்த வேண்டும்; சுழலும் தண்டில் கைலியோ சட்டையோ சிக்கினால் கை, உயிர் இரண்டுக்கும் ஆபத்து. ஸ்லாஷரின் பாதுகாப்பு ஆணிக்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைப் போட்டால், அடிமரத்தில் இடிக்கும்போது முறிவது கியர்பெட்டி. டீசலில் செம்பனை எண்ணெய்க் கலவை இருப்பதால் அது ஈரத்தை எளிதில் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் டிராக்டரின் தொட்டியை நிரப்பி வைப்பதும் வடிகட்டியில் சேரும் நீரை வெளியேற்றுவதும் நம் காற்றீரத்தில் தவிர்க்க முடியாதவை. பொதுச்சாலையைக் கடந்து பக்கத்து நிலத்துக்குப் போவதென்றால் வண்டிக்குப் பதிவும், 5,000 கிலோவுக்கு மேற்படாத சக்கர டிராக்டருக்குரிய எஃப் வகை உரிமமும் வேண்டும்.

இயந்திரம் யாருடைய வேலையைப் பறிக்கிறது

இயந்திரம் வேலையைப் பறிக்கும் என்ற மூன்றாவது எதிர்வாதம் பணத்தைப் பற்றியதன்று. ரப்பர் செம்பனையாக மாறியபோதும் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோதும் வேலையும் லயமும் இழந்த தோட்டப் பாட்டாளிச் சமூகம் இது. மாற்றம் என்ற சொல்லை அது ஐயத்தோடு கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெருந்தோட்ட முதலாளி இயந்திரம் கொண்டுவருவதும் ஐந்து ஏக்கர் குடும்பம் கொண்டுவருவதும் ஒரே விளைவைத் தருவதில்லை. முன்னதில் மிச்சமாகும் கூலி வேறொருவருடையது. பின்னதில் மிச்சமாவது அந்தக் குடும்பத்தின் முதுகும் முழங்காலும். பெருந்தொற்றால் எல்லை மூடப்பட்டு அயல்நாட்டுத் தொழிலாளர் வரவு நின்ற 2020, 2021-ஆம் ஆண்டுகளில் ஆளின்றிக் குலை மரத்திலேயே பழுத்து உதிர்ந்த நிலை, ஆள்பலத்தை மட்டும் நம்பிய செம்பனை எவ்வளவு வலுவற்றது என்பதைக் காட்டியது. மேலும் குலை வெட்டுவது இன்னும் கைவேலைதான். டிராக்டர் அதைத் தொடுவதில்லை. சுமப்பதை அது எடுத்துக்கொண்டால், வெட்டத் தெரிந்த மூத்தவர் இன்னும் சில ஆண்டு தன் நிலத்தைத் தானே பார்க்க முடியும், குத்தகைக்கு விட்டுப் பாதி வருமானத்தை இழக்க வேண்டியதில்லை.

ஆகவே முடிவுகளை வரிசையாகச் சொல்லலாம். உலு சிலாங்கூரின் செங்குத்தான சரிவிலும் ஆழமான கரிமண்ணிலும் சிறு டிராக்டர் சரியான விடை ஆகாது; அங்கே சங்கிலிச் சக்கர வண்டியோ கைவேலையோதான் பாதுகாப்பு. கடலோரக் களிமண்ணில் ஐந்து ஏக்கருக்குக் குறைந்தவர் முதல் செலவைக் கடவுக்கும் வழிக்கும் ஒதுக்கி, இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கட்டும் அல்லது கூட்டாக வாங்கட்டும். பத்து ஏக்கரை நெருங்குபவர், அல்லது அந்த அளவுக்கு வேலை சேர்த்துக்கொள்ளும் கூட்டு, எண்ணூறு கிலோவுக்கு உட்பட்ட, நான்கு சக்கர இழுவையுள்ள, காப்புச் சட்டம் பூட்டிய டிராக்டரை நான்கடி ஸ்லாஷரோடும் அரை டன் இழுவண்டியோடும் வாங்கலாம். அப்படித் தேர்ந்த இயந்திரத்தின் சக்தி இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில்தான் வந்து நிற்கும். ஐந்து ஏக்கருக்கும் பத்துக்கும் இடைப்பட்டவருக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒரே விடை தரவில்லை. அண்டை நிலங்களில் எத்தனை மணி நேர வேலை கிடைக்கும் என்று விசாரித்து அறிந்த பிறகே அவர் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் முதலில் குதிரைத்திறனைப் பற்றித்தான் பேசுவார். அக்டோபர் மழையில் தன் கடவு எத்தனை கிலோ தாங்கும் என்ற விடையைக் கையில் வைத்திருப்பவரை அந்தப் பேச்சு அசைக்காது.